தரித்திர ஆட்டம்

யாசுயோ தவிட்டுப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் அவளுக்கு முதல் வேலை அதுதான். உப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து வைத்த தவிட்டுக்குள் முந்தின நாள் புதைத்த முள்ளங்கியையும் வெள்ளரியையும் தோண்டி எடுத்துவிட்டு, அடியில் இருப்பது மேலே வரும்படி முழங்கை வரை கையை விட்டுப் புரட்ட வேண்டும். ஒரு நாள் சோம்பல்பட்டால் போதும், நாற்றம் வாசல் வரை போய் வருகிறவர்களை வரவேற்கும். மாமியார் கிக்குவே தொடங்கி வைத்த பானை. கிக்குவே போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பானை மட்டும் இன்னும் தினம் கை கேட்கிறது.

கை தவிட்டுக்குள் இருக்கும்போது அடுத்த அறை அலமாரியில் தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுத்தன.

அந்தச் சத்தம் என்ன சத்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெரிய பூகம்பம் வரப்போகிறது, வரப்போகிறது என்று ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர்கள் அந்தக் கடற்கரைக்காரர்கள். தவிடு அப்பிய கையோடு எழுந்து சூப்பு கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தாள். சட்டம் கோணிக் கதவு சிக்கிக்கொள்ளாமல் இருக்கப் பின்கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"ஏங்க, மேஜைக்கு அடியில போங்க. தலையைப் பார்த்துக்கங்க."

கிணுகிணுப்பு நிற்கவில்லை. நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள். கூரையிலிருந்து தொங்கும் விளக்கு அசையாமல் இருந்தது. கோப்பை ஆடுகிறது, விளக்கு ஆடவில்லை என்றால் இது என்ன பூகம்பம்? கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள்.

அவள் கணவர் ஷுன்சாகு சாப்பாட்டு மேஜை முன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வலது குதிகால் மட்டும் தூக்கித் தூக்கித் தரையில் இடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இடிக்கும் பலகைத் தரை அதிர்ந்து, தரையிலிருந்து அலமாரிக்கு ஏறி, கோப்பைகள் ஒன்றையொன்று முட்டின.

"என்ன பண்றீங்க?"

"வைத்தியம்."

"என்ன வைத்தியம்? நான் அடுப்பை அணைச்சிட்டு, கதவைத் திறந்து வச்சிட்டு ஓடி வரேன்."

"யாரு உன்னை அணைக்கச் சொன்னது? சூப்பு ஆறிடும் பாரு."

முந்தின நாள் அவர் பஸ் பிடித்துத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார். இடுப்பு மூட்டு வலி. என்ன சொன்னார் டாக்டர் என்று கேட்டதற்கு, தேய்மானம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுக் குளிக்கப் போனவர், மிச்சத்தை இப்போதுதான் சொன்னார். மூட்டில் மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறதாம், அது இவருக்குத் தேய்ந்துவிட்டதாம். உட்கார்ந்தபடியே காலை இப்படிச் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருந்தால் வலி குறைய வாய்ப்பு இருக்கிறது, முடிந்தபோதெல்லாம் ஆட்டுங்கள் என்றாராம் டாக்டர்.

"ஜிகுரிங்குன்னு பேரு" என்றார் ஷுன்சாகு.

"ஜிகு?"

"ஜிகுரிங்கு. வெளிநாட்டு வார்த்தை."

யாசுயோ கையிலிருந்த தவிடு தரையில் சொட்டுவதைக்கூடப் பார்க்காமல் அவர் முழங்காலையே பார்த்தாள்.

"இது தரித்திர ஆட்டந்தானே?"

செய்தித்தாள் மடிந்தது. "அது கெட்ட பழக்கம். இது வைத்தியம். ரெண்டும் ஒண்ணா?"

உட்கார்ந்த இடத்தில் காலாட்டுவதற்கு இங்கே வேறு பெயர் கிடையாது. தரித்திர ஆட்டம். குழந்தைக்குக் கை, கால், மூக்கு சொல்லித்தருகிற வயதிலேயே இதையும் சொல்லித் தந்துவிடுவார்கள். ஏழை குளிரில் நடுங்குவது போல இருப்பதால் அந்தப் பெயர் என்பார் ஒருவர். ஆடுகிற முழங்கால் தரித்திர தேவதைக்கு ரொம்பப் பிடிக்கும், ஊஞ்சல் மாதிரி வந்து ஏறிக்கொள்ளும் என்பார் இன்னொருவர். எதற்காக ஆடுகிறது என்று ஆட்டுகிறவரை மட்டும் யாரும் கேட்டதில்லை.

யாசுயோவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாயிசு துறைமுகத்தில் சூரை மீன் கப்பலில் போகிறவர் அவள் அப்பா. மாதக்கணக்கில் கடலில் இருப்பார். அப்பாவின் கப்பல் கரைக்கு வருகிற நாளில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய கால் தானாக ஆடும். கணக்குப் போடும்போது ஆடும். நல்ல கதை கேட்டால் ஆடும். எழுந்து ஓட முடியாத இடத்தில் கால் மட்டும் கொஞ்சம் ஓடிப் பார்க்கும், அவ்வளவுதான். அந்த வீட்டில் அதை யாரும் கவனிக்கவில்லை. அம்மாவுக்கு மீன் அறுக்கவே நேரம் போதாது. பள்ளி முடித்து டப்பா மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள்; அங்கே நாளெல்லாம் நின்றபடி வேலை, ஆட்டக் கால் ஏது?

கல்யாணம் ஆகி ஃபுஜியேதாவில் மகிதா வீட்டுக்கு வந்தபிறகுதான் அவளுக்குக் கால் இருப்பதே ஊருக்குத் தெரிந்தது. வந்த புதிதில் ஒரு நாள் மாமியாரும் மருமகளும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கிக்குவே கோப்பையைக் கீழே வைத்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"உங்க அப்பா வீட்டுல கப்பல் ஆடும், சரி. எங்க வீட்டுல தரை ஆடாதும்மா."

அதற்கப்புறம் சிரிக்கவும் இல்லை. கையில் விசிறி வைத்திருப்பாள். யாசுயோவின் முழங்கால் அசைந்தால் விசிறிக் காம்பு வந்து விழும். கிக்குவே இல்லாத நேரத்தில் ஷுன்சாகு சுருட்டிய செய்தித்தாளால் தட்டுவார். நகராட்சியில் வேலை பார்த்தவர். அங்கே அவருக்குக் கீழே யாரும் இல்லை, வீட்டில் இவள் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் இருந்தாலும் சரி, தபால்காரர் வாசலில் நின்றாலும் சரி, "யாசுயோ, கால்" என்பார். நாய்க்குட்டிக்கு உத்தரவு போடுகிற குரல்.

கடைசியில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். முழங்காலை மடித்துப் பாதங்கள் மேல் அழுந்த உட்கார்ந்துவிட்டால் கால் ஆட முடியாது. உடம்பின் மொத்தப் பாரமும் காலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரத்துப்போகும், எழுந்தால் ஊசி குத்தும், ஆனால் ஆடாது. எவ்வளவு அடக்கமான மருமகள், எப்போது பார்த்தாலும் மரியாதையாக மண்டியிட்டே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெருவில் பெயர் வாங்கினாள். இடுப்பு வலிக்கிறது என்று ஷுன்சாகு நாற்காலியும் உயர மேஜையும் வாங்கிப் போட்டபிறகும், அவள் நாற்காலி மேலேறி அப்படியேதான் மடிந்து உட்காருகிறாள். முழங்கால் இரண்டும் கெட்டுவிட்டன. மாடிப்படி இறங்கும்போது பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குகிறாள்.

அந்த முழங்கால்களோடு நின்றபடிதான் இப்போது அவருடைய ஜிகுரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே இந்தப் பழக்கம் உண்டான்னு கேட்டார் டாக்டர்" என்றார் ஷுன்சாகு. "வாழ்க்கையில ஒரு தடவைகூடக் கிடையாதுன்னு சொன்னேன். அடடா, இருந்திருந்தா சுலபமா வந்திருக்குமேங்கிறார்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. பெருமை ஓய்ந்ததும் காலைக் குனிந்து பார்த்தார். "எனக்கு இடிக்கத்தான் வருது. நீ பண்ணும்போது சத்தமே இருக்காதே. எப்படிப் பண்ணுவே? கொஞ்சம் காட்டு."

யாசுயோ அடுப்பைப் பற்ற வைக்கத் திரும்பிப் போய்விட்டாள்.

கோபம் வந்தால் கத்துகிறவள் இல்லை அவள். சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினாள், ஊறுகாயை நறுக்கினாள், எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தாள். ஆனால் அந்தக் கோபம் அன்று முழுக்க அவளை விடவில்லை. தனக்காக இல்லை. தன் முழங்கால் போனது போகட்டும். மகள் விஷயந்தான் ஆறவில்லை.

மகள் மிசாவோவுக்கு அம்மாவின் கால். படிக்க உட்கார்ந்தால் புத்தகத்தில் கண், கால் தனி உலகம். ஷுன்சாகு ஒரு சின்ன சாக்கே மதுக் கிண்ணத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அந்தப் பெண்ணின் முழங்காலில் வைத்துவிட்டு எதிரே உட்காருவார். சிந்தினால் அன்றைக்குத் தொலைக்காட்சி கிடையாது. மிசாவோ புத்தகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கிண்ணத்தைப் பார்க்கப் பழகினாள். அதையும் தாண்டி வளர்ந்து, நாகோயாவில் வேலை தேடிக்கொண்டு போய், அங்கே லிஃப்ட் பழுதுபார்க்கிற ரியோஹெய் என்பவரைப் பிடித்துப்போய், ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

பாய் விரித்த விருந்தினர் அறையில் அந்தப் பையன் கோட்டு போட்டுக்கொண்டு முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்தான். வியர்த்துக்கொண்டிருந்தது. "வசதியா உட்காருங்க" என்றார் ஷுன்சாகு. பேச்சுக்குச் சொன்னது. அவன் நிஜமாகவே காலைப் பிரித்துச் சம்மணம் போட்டான். கொஞ்ச நேரத்தில் வலது முழங்கால் துடிக்க ஆரம்பித்தது. என்ன வேலை, எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகத்தான் பதில் சொன்னான். ஷுன்சாகு அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் முன்னால் வைத்திருந்த தேநீரில் வட்ட வட்டமாக எழும் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் விடைபெற்று வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே மகளிடம் சொன்னார்.

"தரித்திரத்தை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கே. இன்னொரு தடவை இது வாசப்படி ஏறக் கூடாது."

தாள் ஒட்டிய கதவு. அதற்கு அந்தப் பக்கம் எதுவும் போய்ச் சேராமல் இருக்காது. ரியோஹெய் மூடிய கதவைப் பார்த்து ஒரு தடவை குனிந்து வணங்கிவிட்டுப் போனான். யாசுயோ வாசலில் அவன் குடையை நீட்டியபடி நின்றாள். அவன் காது சிவந்திருந்ததை அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

இருவரும் தாங்களாகவே கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். தரித்திரம் என்று பெயர் வாங்கியவன் வீடு வாங்கினான், மிசாவோவை மறுபடி படிக்க வைத்தான், ஒவ்வொரு கோடையிலும் மாமியாருக்குப் பழக்கூடை அனுப்பினான். வாசப்படி மட்டும் ஏறவில்லை. மிசாவோ வருஷத்தில் இரண்டு தடவை, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும், முன்னோரைக் கும்பிடுகிற ஹிகன் நாட்களில் கல்லறை கழுவ வருவாள். பாட்டியின் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றுவாள். அம்மா சமையலறையில் நின்றபடி ஊட்டாத குறையாகக் கொடுப்பதை நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். அப்பாவோடு ஒரு மேஜையில் உட்கார்ந்ததில்லை.

வசந்த ஹிகன் அடுத்த வாரம்.

அந்த ஒரு வாரமும் ஷுன்சாகு உழைத்து ஆட்டினார். குதிகால் இடிப்பது குறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கால் பிடிபட்டுவிட்டது. சாப்பிடும்போது ஆட்டினார், செய்தி பார்க்கும்போது ஆட்டினார். ஒரு நாள் பக்கத்து வீட்டு தட்சுயே தோட்டத்துப் புது வெங்காயம் கொண்டுவந்தவள், மேஜைப் பக்கம் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினாள்.

"யாசுயோ-சான், உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு? கடன் கிடன் வாங்கிட்டாரா?"

"ஜிகுரிங்கு" என்றார் ஷுன்சாகு உள்ளிருந்தே. "இடுப்பு மூட்டுக்கு. டாக்டர் சொன்னது."

"அப்படியா? எங்க வீட்டுக்காரர் கல்யாணமான நாள்லேர்ந்து இதைத்தான் பண்றார். இடுப்பு இரும்பு மாதிரி இருக்கு. நான்தான் விவரம் புரியாம கிள்ளி வச்சிட்டிருந்தேனா? இன்னைக்குப் போய் மன்னிப்பு கேட்டுட்டு ஒரு பீரும் ஊத்திக் கொடுக்கறேன்."

தட்சுயே சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள், மன்னிப்பு கேட்கிறேன் என்று. யாசுயோ வெங்காயத்தைக் கூடையில் கொட்டிவிட்டு மேஜைக்கு வந்தாள்.

"கேட்டீங்களா அவ சொன்னதை?"

"எதை?"

"மிசாவோ ஹிகனுக்கு வரா. அவகிட்ட நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். அன்னைக்குச் சொன்னது தப்பு, உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா. வேற எதுவும் வேணாம். நீங்க கும்பிட வேணாம், குனிய வேணாம்."

"எதுக்கு இப்போ பழசெல்லாம்?"

"பழசா? உங்க கால் இப்போ இந்த நிமிஷம் ஆடிட்டிருக்கு."

"அதுவும் இதுவும் வேறன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றவர், அவள் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "சரி, பார்க்கலாம்" என்றார்.

பார்க்கலாம் என்பது அவர் அலுவலகத்தில் மனு கொடுக்க வருகிறவர்களிடம் சொல்லிப் பழகிய வார்த்தை. அது யாசுயோவுக்கும் தெரியும். இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் பண்ணினாள்.

"இந்தத் தடவை ரியோஹெய்யையும் கூட்டிட்டு வா."

"அப்பா சொன்னாரா?"

"சொல்லுவார்."

"சொன்னாரா, சொல்லுவாரா? அம்மா, ஒழுங்காச் சொல்லு."

"சொல்லுவார்டி. நீ வா."

"அவர் வருவார்ம்மா. நான் கூப்பிட்டா எங்க வேணாலும் வருவார். ஆனா வாசல்ல நிக்க வச்சு மறுபடி காது சிவக்க விடமாட்டேன். கல்லறை இருக்கற கோயில் பக்கத்துல வண்டியில இருக்கட்டும். அப்பா வாயால வாங்கன்னு ஒரு வார்த்தை வரட்டும், நான் போன் பண்ணிக் கூப்பிடறேன்."

ஹிகன் அன்று காற்றில் குளிர் இன்னும் மிச்சம் இருந்தது. யாசுயோ விடிகாலையிலேயே பசையரிசி வேகவைத்து, சிவப்புப் பயறு பூரணம் கிண்டி, ஒஹாகி உருட்டி வைத்தாள். நான்கு பேருக்குத் தட்டு எடுத்து வைத்தாள். நான்காவது தட்டை ஷுன்சாகு பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை அவள் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

மிசாவோ கல்லறையைக் கழுவிவிட்டு, கையெல்லாம் சில்லென்று வந்தாள். பாட்டி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டாள். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நாற்காலியை இழுத்து மேஜை முன்னால் உட்கார்ந்தாள். போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

ஷுன்சாகு தொண்டையைச் செருமினார். "ரோட்டுல கூட்டமா?"

"இல்லைப்பா."

"ஹிகன்னா இருக்குமே."

"சீக்கிரமே கிளம்பிட்டோம்."

கிளம்பிட்டோம் என்ற சொல் மேஜை மேல் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. யாசுயோ தேநீர் ஊற்றினாள். ஊற்றி முடிப்பதற்குள் கோப்பைகளில் தேநீர் வட்டம் வட்டமாக அலையடித்தது.

மிசாவோ அலையைப் பார்த்தாள். மேஜைக்கடியில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் சிரிப்பா, வேறு எதுவுமா என்று சொல்ல முடியவில்லை.

"அப்பா. உங்க கால்."

"ஜிகுரிங்கு" என்று ஆரம்பித்தார் அவர். சவ்வு, மூட்டு, டாக்டர், வெளிநாட்டு வார்த்தை எல்லாம் வந்தது. ஒரு வாரமாகத் தெருவுக்கே சொல்லிச் சொல்லிப் பேச்சு வழவழப்பாகியிருந்தது. மிசாவோ குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ ரியோஹெய் பண்ணினது என்னப்பா?"

"அது வேற. அவன் பதட்டத்துல ஆட்டினான். பெண் கேட்டு வந்த இடத்துல ஒரு ஆம்பிளைக்கு அந்த அளவு கட்டுப்பாடு இல்லைன்னா என்ன அர்த்தம்? நான் காரணத்தோட ஆட்டறேன்."

"அவருக்கும் காரணம் இருந்துதுப்பா. உங்களைப் பார்த்து பயந்தார். காரணம் நீங்கதான்."

ஷுன்சாகு ஒஹாகியைச் சின்னதாகக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மிசாவோ போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும் அறியாமல், மேஜைக்கடியில் அவளுடைய கால் மெல்ல ஆட ஆரம்பித்தது. சத்தமே இல்லாத, கைதேர்ந்த ஆட்டம். மேஜைத் துணியின் ஓரம் லேசாகத் துடித்தது.

"மிசாவோ, கால்" என்றார் ஷுன்சாகு.

அதே குரல். சொல்லும்போது அவருடைய கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மிசாவோவின் கால் நின்றுவிட்டது. நாற்பது வயது தாண்டியவள், ஒரு கூட்டத்துக்கே வேலை சொல்கிறவள், அந்த ஒற்றைச் சொல்லுக்கு முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டாள். அதைத்தான் யாசுயோவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"என்னங்க சொன்னீங்க இப்போ?"

"என்ன சொன்னேன்? பழக்கத்துல வந்துடுச்சு."

"பழக்கத்துல வந்துடுச்சா? ஆட்டறதுதான் கெட்ட பழக்கம்னு நினைச்சேன். இது நல்ல பழக்கமா?" அவள் குரல் உயரவில்லை. நாற்காலி மேல் மடித்து வைத்திருந்த காலைக் கையால் பிடித்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். இறக்கும்போது வலித்தது, அது முகத்தில் தெரிந்தது. "விசிறிக் காம்பால அடிச்சாங்க உங்க அம்மா. நீங்க பேப்பரால அடிச்சீங்க. கால் மேலேயே உட்கார்ந்து உட்கார்ந்து என் முட்டி ரெண்டும் போச்சு. நான் ஏதாவது கேட்டேனா? இவ முட்டியில தண்ணிக் கிண்ணம் வச்சீங்க. அந்தப் பையனை வாசல்ல ஷூ போடும்போது தரித்திரம்னீங்க. கால் ஆடறதுன்னு ஒருத்தனைத் தரித்திரம்னு சொல்லி அனுப்பின வாய், தன் கால் ஆடும்போது மட்டும் வெளிநாட்டுல போய்ப் பேர் வாங்கிட்டு வருதா?"

"ஏய், பொண்ணு எதிர்ல..."

"பொண்ணு எதிர்லதான் சொல்லணும். அவளுக்குத்தான் சேர வேண்டியது. நான் கேட்டது ஒரே வார்த்தை. பார்க்கலாம்னீங்க. அவன் அங்க கோயில்கிட்ட வண்டியில உட்கார்ந்திருக்கான். குளிர்ல. நீங்க பார்த்து முடிக்கற வரைக்கும் உட்கார்ந்திருக்கணுமா?"

"வந்திருக்கானா?" ஷுன்சாகுவுக்கு இது தெரியாது. நான்காவது தட்டைப் பார்த்தார். கால் நின்றுவிட்டது. கோப்பைகளில் தேநீர் அசையாமல் படிந்தது.

"சொல்லுங்க" என்றாள் யாசுயோ. "பேர்கூட மாத்த வேணாம். அன்னைக்கு அவன் பண்ணினதும் இன்னைக்கு நான் பண்றதும் ஒண்ணுதான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். ஏதோ வரப்போகிற மாதிரித்தான் இருந்தது. மிசாவோவின் கை போனைத் தொட்டது.

"டீ ஆறிப்போச்சு. வேற ஊத்து" என்றார்.

மிசாவோ கையை எடுத்துக்கொண்டாள். "விடும்மா. நான் கிளம்பறேன். நீ உன் முட்டியைப் பார்த்துக்கோ."

"நீ உட்காரு" என்றாள் யாசுயோ.

மேஜை விளிம்பைப் பிடித்து எழுந்தாள். தேநீர்க் குடுவை அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, தொடவில்லை. இந்த வீட்டுக் கதவை இத்தனை வருஷமாய்த் தினம் காலையில் தள்ளித் திறப்பதும் ராத்திரி தாழ் போடுவதும் அவள்தான். இதில் யார் நுழையலாம் என்று கேட்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டு ஒரு பையனை இவ்வளவு காலம் ரோட்டில் நிறுத்தி வைத்திருக்கிறாளே, அதை நினைத்தபோது அவளுக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் தன் மேலேயே திரும்பியது. முழங்கால் இரண்டும் நெட்டி முறிந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தாள்.

"எங்க போறே?" என்றார் ஷுன்சாகு.

அவள் ஆணியில் மாட்டியிருந்த குளிர்ச்சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்தாள்.

"அம்மா, அவ்வளவு தூரம் நடக்க முடியுமா உன்னால? நான் போன் பண்றேன்."

"போன்ல கூப்பிட்டா அது நீ கூப்பிட்ட மாதிரி. இந்த வீட்டுக்காரி நான். நான் போய்க் கூப்பிடறேன்." இன்னொரு கையையும் நுழைத்துப் பொத்தானைப் போட்டாள்.

ஷுன்சாகு எழுந்திருக்கப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி எழுந்தபடி மேஜையில் கையூன்றி நின்றார். மகள் இருக்கிற பக்கம் திரும்பாமல், வாசல் பக்கம் போகிற மனைவியின் முதுகைப் பார்த்து, இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சின்னக் குரலில் கேட்டார்.

"அவன் வந்தா நான் என்ன பேசறது, யாசுயோ?"

யாசுயோ தாள்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.